சிகாகோ நகரத்து முதல் தொகுதி

தேர்தல் அறிவிப்பு வெளியாகும்போதெல்லாம், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. நம் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? பிறந்த ஊரிலா, பிழைக்க வந்த ஊரிலா? நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இருக்கலாம். அவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் இருத்தல் வேண்டும். ஆயினும் இருபது, முப்பது ஆண்டுகள் இந்நகரத்துத் தண்ணீரைக் குடித்த பின்னரும் பெயரைச் சொந்த ஊரிலேயே விட்டுவைத்திருப்போர் நம்மிடையே பலர். வாக்களிப்பதற்கென்றே ரயிலேறிப் போகிறவர் சிலர். போகாமலே இருந்துவிடுகிறவர் மிகப் பலர்.

இந்தப் பேச்சைக் கேட்கும்போது நமக்குக் கடல் கடந்த ஒரு நகரத்தின் ஒரு தொகுதி நினைவுக்கு வரும். ஊர் விட்டு ஊர் வந்தவர்களே அதை உண்டாக்கினார்கள் எனலாம். ஆனால் அவர்கள் விரும்பியவாறு உண்டாகவில்லை. அந்த வரலாற்றைத்தான் இம்மாதம் நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம்.

சிகாகோ என்றதும் 1893-இல் சர்வமத மகாசபையில் விவேகானந்தர் ஆற்றிய உரையே நம்மவர் நினைவுக்கு வரும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் கரையில், ரயில் பாதைகள் பல வந்து கூடும் பெருநகரம் அது. அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குக் 'காங்கிரஸ்' என்று பெயர். நம் நாட்டுக் கட்சியோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டா. அதன் கீழ்ச்சபையாகிய பிரதிநிதி சபையில் 435 உறுப்பினர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தனை பேரும் மக்கள் முன் வந்து நிற்க வேண்டும். இல்லினாய் மாநிலத்துத் தொகுதிகளுள் 'முதலாவது' என்று எண்ணிடப்பட்ட தொகுதி, சிகாகோவின் கடைத்தெருக்கள் நிறைந்த நடுப்பகுதியிலிருந்து தெற்கே இறங்கியது. 1929 முதல் இன்றுவரை, இடைமுறிவு இன்றி, கறுப்பினத்தவர் ஒருவரே அத்தொகுதியின் பிரதிநிதியாக இருந்து வருகிறார். இத்தனை நீண்ட தொடர்ச்சி அந்நாட்டில் வேறு எந்தத் தொகுதிக்கும் இல்லை.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, முதலில் தெற்கு மாநிலங்களுக்குப் போக வேண்டும்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்த பின், கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை சட்டத்தால் கிடைத்தது. தெற்கிலிருந்து அவர்களுள் சிலர் காங்கிரஸுக்கும் சென்றனர். பின்னர் வாக்குவரி, எழுத்தறிவுச் சோதனை, வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் கட்சித் தேர்தல் என்று ஒவ்வொன்றாய்க் கதவுகள் சாத்தப்பட்டன. லூசியானா மாநிலத்தில் 1896-இல் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் 1,30,334 பேர். 1904-இல் அங்கே எஞ்சியவர் 1,342 பேர். எட்டே ஆண்டுகளில் நிகழ்ந்த மாறுதல் இது. வட கரோலினாவிலிருந்து சென்ற ஜார்ஜ் ஒயிட் என்பவர் 1901-இல் தம் பதவிக்காலம் முடிந்து வெளியேறினார். அதன் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கறுப்பினத்தவர் ஒருவர்கூட அந்தச் சபையில் அமரவில்லை.

1916 வாக்கில் நிலை புரளத் தொடங்கியது. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தமையால் அங்கிருந்து தொழிலாளர் வரவு நின்றது. சிகாகோவின் இறைச்சிக் கொட்டடிகளும் எஃகு ஆலைகளும் ஆளின்றித் தவித்தன. மிசிசிப்பி, லூசியானா பருத்திக்காட்டு மக்களுக்கு இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை வீட்டு வாசலிலிருந்து நேரே சிகாகோவுக்குப் போயிற்று. 'சிகாகோ டிஃபென்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் கட்டுகளைப் புல்மன் படுக்கை வண்டிகளின் பணியாளர்கள் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சுற்றியிருந்து கேட்டனர். வேலை இன்ன இடத்தில் உண்டு, ரயில் இன்ன நேரத்தில் உண்டு என்ற செய்திகளை அப்பத்திரிகை அச்சிட்டது. முன்னே சென்றவர் கடிதம் எழுதுவதும், பின்னே உறவினர் மூட்டை கட்டுவதும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. 1910-ஆம் ஆண்டுக் கணக்கில் சிகாகோவின் கறுப்பினத்தவர் 44,103 பேர், 1920-இல் 1,09,458, 1930-இல் 2,33,903.

வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? விரும்பிய இடத்தில் அன்று. ஸ்டேட் தெருவை ஒட்டித் தெற்கே நீண்ட ஒரு குறுகிய பட்டைக்குள்தான் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அதற்கு அப்பால் வீடு வாங்கியவர்கள், விற்றுக்கொடுத்த தரகர்கள் ஆகியோரின் கட்டடங்கள்மீது 1917-க்கும் 1921-க்கும் இடையே 58 முறை வெடிகுண்டு வீசப்பட்டது. 1919 ஜூலையில், ஏரியில் மிதந்துகொண்டிருந்த பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், தண்ணீரில் எவரும் கோடு கிழித்திராத ஓர் எல்லையைத் தாண்டினான் என்று கல்லெறிபட்டு மூழ்கி மாண்டான். அதையடுத்து மூண்ட கலகத்தில் 38 பேர் இறந்தனர். பிறகு வந்தவை பத்திரங்கள். இந்தத் தெருவில் எந்த வீட்டையும் கறுப்பினத்தவர்க்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று அண்டை வீட்டார் கூடிக் கையெழுத்திட்டு, அதைப் பதிவும் செய்துகொண்டனர். வீடு தேடி அலைந்து, பெயரைச் சொன்னவுடனே 'வீடு முன்னமே போய்விட்டது' என்ற மறுமொழி கேட்ட அன்பர்களுக்கு இது முற்றிலும் புதுமையாக இராது. ஆனால் அங்கே அது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1948 வரை நீதிமன்றங்கள் அதை நிறைவேற்றியும் கொடுத்தன.

ஒரே அறையில் ஒரு குடும்பம், நடைக்கூடத்தில் பொதுக் குளியலறை, மற்ற இடங்களைவிட மிகுந்த வாடகை என்று அந்தப் பட்டைக்குள் வாழ்வு நெருங்கிற்று. வேலி போட்டவர்கள் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. நகரமெங்கும் பரவியிருந்தால் எந்தத் தொகுதியிலும் சிறுபான்மையராய்க் கரைந்து போயிருக்கக்கூடிய மக்கள், ஒரே இடத்தில் அடைபட்டதனால் ஒரு தொகுதியின் பெரும்பான்மையர் ஆகிவிட்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் தொகுதி எல்லைகளோ 1901-இல் வகுக்கப்பட்டவை. மாநிலச் சட்டசபை 1947 வரை அவற்றைத் திருத்தவே இல்லை. கோடு அசையாமல் நின்றது. கோட்டுக்குள் இருந்த மக்கள் மாறிவிட்டார்கள். தெற்கே வாக்குச்சாவடியின் வாசலையும் மிதிக்க இயலாதவர்கள், சிகாகோவில் இறங்கிச் சட்டம் கோரும் காலம் வசித்ததும், பெயரைப் பதிந்து வாக்களிக்கலாயினர்.

இதில் மகளிர்க்கு உரிய பங்கைச் சொல்லாமல் மேலே செல்லுதல் முறையாகாது. 1913-இல் இல்லினாய் மாநிலம் நகரசபைத் தேர்தல் முதலிய சிலவற்றில் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. மிசிசிப்பியில் அடிமைத்தளையில் பிறந்து, எழுத்தால் புகழ்பெற்று, சிகாகோவில் குடியேறியிருந்த ஐடா பி. வெல்ஸ் அம்மையார் அவ்வாண்டே 'ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கம்' ஒன்றை அமைத்தார். அச்சங்கத்துப் பெண்கள் இரண்டாம் வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பெயர் பதிவு செய்வித்தனர். வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கவனியுங்கள் என்று ஆடவர் சிலர் அவர்களை ஏளனம் செய்தார்களாம்! முதல் முயற்சியில் அவர்கள் ஆதரித்த வேட்பாளர் சிறு வேறுபாட்டில் தோற்றார். அதைக் கண்டு குடியரசுக் கட்சித் தலைவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1915-இல் அதே வார்டிலிருந்து சிகாகோ நகரசபைக்கு முதல் கறுப்பின உறுப்பினர் சென்றார். அவர்தாம் ஆஸ்கர் டி பிரீஸ்ட்.

அலபாமா மாநிலத்துப் ஃபிளாரன்ஸில் 1871-இல் பிறந்தவர் அவர். குடும்பம் அங்கே அஞ்சி வாழ இயலாது கான்ஸாஸுக்குப் பெயர்ந்தது. அவர் 1889-இல் சிகாகோ சேர்ந்து, வீடுகளுக்குச் சுண்ணமும் வண்ணமும் பூசும் தொழில் செய்து, பின் வீட்டுமனை வாணிகத்தில் பொருள் ஈட்டினார். குற்றமற்ற திருமேனி என்று அவரை நாம் புனைந்துரைக்கப் போவதில்லை. சூதாட்ட விடுதிகளிடம் பணம் பெற்றார் என்று 1917-இல் வழக்குத் தொடரப்பட்டு, கிளாரன்ஸ் டாரோ என்னும் பெரு வழக்கறிஞர் வாதாட, விடுதலை ஆனார்.

முதல் தொகுதியின் பிரதிநிதியாக 1905 முதல் இருந்தவர் மார்ட்டின் மாடன் என்ற வெள்ளையர். சபையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்குத் தலைவர். கறுப்பின வாக்காளர்க்குத் தபால் இலாகாவில் வேலை வாங்கிக் கொடுத்து அவர்கள் ஆதரவைப் பெற்றிருந்தவர். 1928 ஏப்ரலில் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் வென்ற அவர், அம்மாதமே காங்கிரஸ் கட்டடத்தில் தம் குழு அறையிலேயே மாரடைப்பால் காலமானார். வேட்பாளரை நியமிக்கும் பொறுப்பு வார்டுத் தலைவர்கள் கைக்கு வந்தது. டி பிரீஸ்ட் காலந்தாழ்த்தவில்லை. மேயர் தாம்ஸனின் ஆதரவோடு அந்த இடத்தைப் பெற்றார். நவம்பரில் பாதிக்குச் சற்றுக் குறைவான வாக்குகளே கிடைத்தாலும், பலர் போட்டியிட்டமையால் அவரே முதல்வராய் வந்தார்.

சத்தியப் பிரமாணம் செய்துகொள்வதற்கே ஓர் உபாயம் தேவையாயிற்று. உறுப்பினர்கள் மாநிலம் மாநிலமாக எழுந்து பிரமாணம் செய்வது அதுவரை வழக்கம். முன்னே பிரமாணம் செய்துவிட்ட தெற்கத்தியர் எவரேனும் எழுந்து இவர்க்கு ஆட்சேபம் சொல்லக்கூடும் என்ற அச்சம் இருந்தது. சபாநாயகர் லாங்வொர்த் 1929 ஏப்ரலில் எல்லாரையும் ஒருசேர எழுந்து நிற்கச் செய்து, ஒரே முறையில் பிரமாணம் செய்வித்துவிட்டார்! அந்த ஜூன் மாதம் ஜனாதிபதி ஹூவரின் மனைவியார், உறுப்பினர்களின் மனைவியர்க்கு அளித்த தேநீர் விருந்துக்கு டி பிரீஸ்டின் மனைவியாரையும் அழைத்தார். ஒரு கோப்பைத் தேநீருக்காகத் தெற்கு மாநிலச் சட்டசபைகள் சில கண்டனத் தீர்மானம் இயற்றின.

வாக்களிக்க இயலாத தெற்கத்தியக் கறுப்பின மக்கள் அனைவர்க்குமே தாம் பிரதிநிதி என்று டி பிரீஸ்ட் கருதினார். 1933-இல் இளைஞர்க்கு வேலையளிக்கும் சட்டம் ஒன்றில், இனம், நிறம், சமயம் பற்றிய வேறுபாடு கூடாது என்ற திருத்தத்தைச் சேர்ப்பித்தார். 1934-இல் காங்கிரஸ் கட்டடத்துச் சிற்றுண்டிச் சாலையில் அவருடைய காரியதரிசிக்கே உணவு மறுக்கப்பட்டது. விசாரணை வேண்டுமென்று 145 உறுப்பினரின் கையெழுத்தைத் திரட்டினார். ஐவர் குழு அமைக்கப்பட்டது. மூவருக்கு இருவர் என்ற கணக்கில் பழைய வழக்கமே நின்றது.

இத்துணைத் துணிவுடையவரை அத்தொகுதி மக்கள் அவ்வாண்டே தோற்கடித்தார்கள் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? காரணம் வயிறு. பொருளாதார மந்தத்தில் வேலையும் வாடகைப் பணமும் இன்றி மக்கள் தெருவில் நின்றார்கள். டி பிரீஸ்டோ மத்திய அரசின் நிவாரணத்தை எதிர்த்து வாக்களித்தார். லிங்கனின் கட்சி என்பதற்காகத் தலைமுறைகளாய்க் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்து வந்தோர், ரூஸ்வெல்டின் ஜனநாயகக் கட்சி பக்கம் சாயத் தொடங்கினர். 1934-இல் வென்ற ஆர்தர் மிட்செல், காங்கிரஸில் அமர்ந்த முதல் கறுப்பின ஜனநாயகக் கட்சியினர். அவரும் அலபாமாக்காரர், சில ஆண்டுகட்கு முன் குடியரசுக் கட்சியில் இருந்தவர். முதற்கட்டத் தேர்தலில் தோற்றிருந்தார். வென்றவர் இறந்துபோகவே இவருக்கு இடம் கிடைத்தது. இத்தொகுதியின் வரலாற்றில் மரணம் பல முறை வாசல் திறந்திருக்கிறது.

மிட்செல் சாந்தமானவர், கட்சிக்கு அடங்கியவர் என்பது அக்காலத்தார் அவர்மீது சொன்ன குறை. ஆயினும் ஒரு ரயில் பிரயாணம் அவரைப் போராளியாக்கிற்று. 1937 ஏப்ரலில் சிகாகோவிலிருந்து ஆர்க்கன்ஸா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு முதல் வகுப்புச் சீட்டு வாங்கிப் போனார். மெம்பிஸ் தாண்டி வண்டி ஆர்க்கன்ஸாவுக்குள் புகுந்ததும், பரிசோதகர் அவரைப் புல்மன் வண்டியிலிருந்து இறக்கிக் கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கிய, வசதியற்ற வண்டிக்குப் போகச் செய்தார். நாட்டின் பிரதிநிதி சபை உறுப்பினர் என்பதும் அங்கே செல்லவில்லை. நான்காண்டுகள் வழக்காடி, உச்ச நீதிமன்றத்தில் தாமே நின்று வாதிட்டார். ஒரே கட்டணம் கொடுத்தவர்க்கு ஒரே வசதி உண்டு என்று 1941-இல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனி வண்டி என்ற வழக்கத்தை அத்தீர்ப்பு ஒழிக்கவில்லை. எனினும் முதல் விரிசல்களில் அதுவும் ஒன்று.

1942-இல் வந்த வில்லியம் டாஸனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் போரிட்டவர். அவரும் கட்சி மாறியவரே. 1942 முதல் 1968 வரை பதினான்கு தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். 1949-இல் பிரதிநிதி சபையின் நிலைக்குழு ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் அவருடைய வலிமை வாஷிங்டனில் இல்லை. சிகாகோவின் மாடிப்படிகளில் இருந்தது.

அந்நகரத்தில் ஒவ்வொரு வார்டும் சிறு சிறு வாக்குச்சாவடிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதிக்குச் சில நூறு வாக்காளர். அவர்களுக்கு ஒரு 'கேப்டன்'. எந்த வீட்டில் யார் நோயாய்க் கிடக்கிறார், எந்த மகனைப் போலீஸார் பிடித்துப் போனார்கள், எந்தத் தாய்க்குக் குளிர்காலத்தில் கரி இல்லை என்பதெல்லாம் அவர்க்கு மனப்பாடம். ஜாமீனுக்கு வக்கீல் ஏற்பாடு செய்வார். நிவாரண மனுவை எழுதிக் கொடுப்பார். நகராட்சியிலோ தபால் நிலையத்திலோ வேலைக்குச் சிபாரிசு வாங்கித் தருவார். ஊரிலிருந்து நேற்று வந்திறங்கியவனுக்கு அந்நகரத்தில் அரசாங்கம் என்பதே அந்தக் கேப்டன்தான். தேர்தல் நாளில் அவர் கதவைத் தட்டுவார். நன்றியறிதலோடு வாக்கு விழும். கேப்டன் வாக்குச் சேர்க்கத் தவறினால் அவருடைய நகராட்சி வேலையும் போய்விடும்! இவ்வகைக் கேப்டன்கள் நூற்றுக்கணக்கானோர் டாஸன் கையில் இருந்தனர். 1955-இல் ரிச்சர்ட் டேலி என்பவர் மேயர் ஆனதற்கு டாஸனின் வார்டுகள் பெருந்துணை.

இந்த ஏற்பாட்டை எளிதாய் இகழ்ந்துவிடலாம். புதிதாய் வந்த ஏழைக்கு அதனால் கிடைத்த உதவி பொய்யன்று. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. கரி கிடைத்தது, வேலை கிடைத்தது, வேலிக்கு அப்பால் வீடும், நல்ல பள்ளியும் கிடைக்கவில்லை. அவற்றைக் கேட்டால் மேயர் முகம் சுளிப்பார். 1955-இல் அத்தொகுதிப் பக்கத்துச் சிறுவன் எம்மெட் டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது, சவப்பெட்டியைத் திறந்தே வைக்குமாறு தாயார் கூற, பல்லாயிரவர் வரிசையில் நின்று கண்டனர். அப்போதும் டாஸன் வாய் திறந்து போதிய அளவு பேசவில்லை என்ற மனக்குறை அவர் மக்களுக்கு இருந்தது. அவரை முற்றிலும் ஊமை என்பதும் நேர்மையாகாது. படையில் கறுப்பினத்தவரைப் பிரித்துவைக்க வழிசெய்யும் திருத்தம் ஒன்று 1951-இல் வந்தபோது, போரில் பட்ட தம் காயங்களையே சான்றாக்கிப் பேசி, அதைத் தோற்கடிக்கத் துணைநின்றார்.

டாஸன் 1970 நவம்பரில் மறைந்தார். ரால்ஃப் மெட்கால்ஃப் அவ்விடத்துக்கு வந்தார். விளையாட்டுப் பிரியர்கள் இப்பெயரை அறிவார்கள்: 1936 பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில், நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர், தொடர் ஓட்டத்தில் தங்கம். அவரும் டேலியின் ஆள் என்றே எண்ணப்பட்டார். 1972-இல் கறுப்பினப் பல் மருத்துவர் இருவர் போலீஸாரால் அவமதிக்கப்பட்டபோது, மெட்கால்ஃப் மேயரைத் தம் அலுவலகத்துக்கு வந்து மக்களுக்கு மறுமொழி சொல்லுமாறு அழைத்தார். மேயர் வரவில்லை. நாற்பதாண்டுக் கட்டுப்பாடு அன்று அறுந்தது. மெட்கால்ஃபின் ஆட்களுக்கு இருந்த வேலைகள் பறிக்கப்பட்டன. 1976-இல் அவர்க்கு எதிராக மேயரே ஒருவரை நிறுத்தினார். கேப்டன்கள் வழக்கம்போல் கதவுகளைத் தட்டினார்கள். மக்கள் கதவைத் திறந்து, வணக்கம் சொல்லி, வாக்கை மெட்கால்ஃபுக்குப் பெரும் வேறுபாட்டில் போட்டார்கள்.

1978-இல் அவர் திடீரென மறைய, கட்சித் தலைவர்கள் பென்னெட் ஸ்டூவர்ட்டை நியமித்தனர். அவர் ஒரே தவணை இருந்தார். 1980-இல் அவரை முதற்கட்டத் தேர்தலில் வென்றவர் ஹாரல்ட் வாஷிங்டன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி பிரீஸ்ட் அலபாமா; மிட்செல் அலபாமா; டாஸன் ஜார்ஜியா; மெட்கால்ஃப் ஜார்ஜியா; ஸ்டூவர்ட் அலபாமா. முதல் ஐவரும் தெற்கே பிறந்து வடக்கே குடியேறியவர்கள். ஆறாமவராகிய வாஷிங்டன்தான் சிகாகோவிலேயே பிறந்த முதல் பிரதிநிதி. ரயிலில் வந்திறங்கியோரின் தொகுதி, அந்நகரத்தின் மகனொருவரை அனுப்புவதற்கு ஐம்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் தந்தை மூன்றாம் வார்டில் கேப்டனாக இருந்தவர். தந்தை மறைந்த பின் அவ்வேலையை மகன் ஏற்றார். மெட்கால்ஃபிடம் பயின்றார். அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியும் அவர்க்குத் தெரியும்.

சிகாகோவின் மேயர் பதவிக்குப் போட்டியிடுமாறு மக்கள் அவரை நெருக்கியபோது, முதலில் புதிய வாக்காளரைப் பதிவு செய்து காட்டுங்கள் என்றார். 1982-இல் மாதா கோயில்களிலும் நிவாரண அலுவலக வாசல்களிலும் மேசை போட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்தனர். 1983 ஏப்ரல் 12-ஆம் நாள் அவர் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். நூற்றுக்கு ஐம்பத்திரண்டுக்கும் சற்றுக் குறைந்த வாக்குகளே அவர்க்குக் கிடைத்தன. பெயர்ப் பதிவு இல்லாதிருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்று சொல்ல அதிக ஆராய்ச்சி தேவையில்லை. 1987 நவம்பரில் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

அவர் காலி செய்த இடத்துக்கு இறைச்சித் தொழிலாளர் சங்கத் தலைவர் சார்ல்ஸ் ஹேஸ் வந்தார். சபையின் வங்கியில் கணக்குக்கு மீறிப் பணம் எடுத்தோர் பட்டியலில் அவர் பெயரும் வந்தமையால் 1992-இல் தோற்றார். வென்றவர் பாபி ரஷ். டாஸன் பிறந்த அதே ஆல்பனியில் பிறந்தவர். இளமையில் 'கருஞ்சிறுத்தை'க் கட்சியின் இல்லினாய்க் கிளையைத் தொடங்கியவர்களுள் ஒருவர்.

2000-ஆம் ஆண்டு ரஷ்ஷை எதிர்த்து ஓர் இளம் மாநில மேலவை உறுப்பினர் நின்றார். சட்டம் கற்பித்தவர், ஹார்வர்டில் படித்தவர், ஹவாயில் பிறந்தவர். கற்றவர், நல்லவர்தாம், ஆனால் நம் தெருவில் வளர்ந்தவரா என்று தொகுதி மக்கள் கேட்டார்கள். நூற்றுக்கு அறுபத்தொன்றுக்கு முப்பது என்று அவரைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். பராக் ஒபாமா தம் வாழ்நாளில் தோற்ற தேர்தல் அது ஒன்றுதான். குடியேறியோர் அமைத்த தொகுதி, இன்னொரு குடியேறியவரை 'நம் ஊரார் அல்லர்' என்று சொல்லிற்று! எட்டாண்டுகளில் அவர் நாட்டின் ஜனாதிபதியானார். அதே இல்லினாயில், சிகாகோவுக்கு அப்பாலுள்ள புறநகர்களைக் கொண்ட எட்டாம் தொகுதியில், புது தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கைக்குழந்தையாய் அங்கே சென்ற ராஜா கிருஷ்ணமூர்த்தி 2016-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே தமிழர் திரண்டு வாழும் பட்டை எதுவும் இல்லை. அவரைத் தேர்ந்தவர்கள் வேற்று மொழியினர்.

முதல் தொகுதியின் வேலி என்னாயிற்று? பத்திரங்கள் செல்லாவென்று 1948-இல் ஆனபின், வசதி படைத்தோர் மெல்ல வெளியேறினர். எஃகு ஆலைகளும் இறைச்சிக் கொட்டடிகளும் மூடப்பட்டன. பேரப்பிள்ளைகள் பலர் அட்லாண்டா முதலிய தெற்கு நகரங்களுக்கே வேலை தேடித் திரும்புகிறார்கள். பாட்டன் வந்த ரயில் பாதை எதிர்த்திசையிலும் ஓடுகிறது. 1980-இல் ஏறத்தாழ 12 லட்சமாக இருந்த சிகாகோவின் கறுப்பின மக்கள் தொகை, 2020-இல் 8 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு தொகுதிக்கு வேண்டிய ஏழரை லட்சம் பேரைச் சேர்க்க, எல்லையை மேலும் மேலும் நீட்ட வேண்டியதாயிற்று. சில தெருக்களுக்குள் அடங்கியிருந்த தொகுதி நகர எல்லையைத் தாண்டி, புறநகர்களைத் தாண்டி, வில், கங்ககீ மாவட்டங்களுக்குள் போயிருக்கிறது.

முப்பதாண்டு இருந்த ரஷ் 2022-இல் ஓய்வு பெற விரும்பியபோது, முதற்கட்டத் தேர்தலில் பதினேழு பேர் நின்றார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வாக்குகளோடு முதலில் வந்தவர் ஜானதன் ஜாக்ஸன். உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்ஸனின் புதல்வர்; சிகாகோவிலேயே பிறந்தவர். ஸ்டேட் தெருவின் ஒற்றையறைக் குடித்தனங்களிலிருந்து கிளம்பிய அந்தத் தொகுதியில் இப்போது சோளமும் சோயாவும் விளைகின்றன.